ஆங்கிலத்தில் ‘வெல்கம்’ எழுதுவது எப்படி: பெனர், அழைப்பிதழ், வரவேற்புரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்துக்கு வரும் ஆங்கில வேலைகளை, அச்சுக்குப் போகுமுன் வாசித்துத் திருத்திக் கொடுப்பது என் பகுதிநேரத் தொழில். மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பாடசாலைகளில் பரிசளிப்பு விழாக்கள் தொடங்கினாலும் சரி, ஏப்ரல் தாண்டி அறுகம்பைக்கு அலைச்சறுக்கல்காரர் வரத் தொடங்கினாலும் சரி, ஒரே மாதிரியான கேள்விகள்தான் வட்ஸ்அப்பில் வந்து விழும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. ஆகவே இந்தப் பக்கம்.

ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலில் சிக்கல் உள்ள இடங்களில் மட்டும் எழுத்துகளின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

‘வெல்கம்’ என்பதில் ‘எல்’ ஒன்றா, இரண்டா?

ஒன்று. டபிள்யூ, ஈ, எல், சி, ஓ, எம், ஈ. நடுவில் கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை.

கல்யாண மண்டபத்து வாசலில் ரெஜிபோமில் வெட்டி ஒட்டுகிறவர்கள் இடம் போதாமல் ‘வெல்’லை மேலேயும் ‘கம்’மைக் கீழேயும் போட்டு, நடுவில் ஒரு சின்னக் கோடும் இழுத்து விடுவார்கள். அதைப் பார்த்து எழுதும் அடுத்தவர் அதை இரண்டு சொல்லாக்கி விடுவார். அதற்கடுத்தவர் கையில் இரண்டாவது ‘எல்’ தானாக வந்து சேர்ந்துவிடும்.

“‘வெல்’ என்றால் நன்றாக, ‘கம்’ என்றால் வா. அப்படியானால் இரண்டு ‘எல்’ வரத்தானே வேண்டும் சேர்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘வில்குமா’. முதல் பாதி விருப்பத்தைக் குறிக்கும், மறுபாதி வருகிறவரை. விரும்பி ஏற்கும் விருந்தாளி என்று பொருள். பிற்பாடு ‘வெல்’ என்ற ஓசை ஒட்டிக்கொண்டது, ‘எல்’ மட்டும் இரட்டிக்கவில்லை. இரண்டு ‘எல்’ போட்டால் அது ஒருவருடைய குடும்பப்பெயர்: மருந்து வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஹென்றி வெல்கம். லண்டனிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

‘வெல்ஃபெயார்’ என்பதற்கும் ஒரே ‘எல்’தான். நலன்புரிச் சங்கங்களின் கடிதத் தலைப்பில் இதுவும் அடிக்கடி இரண்டாகி வருகிறது.

‘யூ ஆர் வெல்கம்’ சரியா, ‘யூ ஆர் வெல்கம்ட்’ சரியா?

அழைப்பிதழிலும் பெனரிலும் ‘வெல்கம்’தான். கடைசியில் ‘டி’ வேண்டாம்.

எங்களிடம் வரும் பிழைகளில் இதற்குத்தான் முதலிடம். ‘அனைவரும் அன்புடன் வரவேற்கப்படுகிறீர்கள்’ என்று தமிழில் எழுதிப் பழகிய கை, அந்தப் ‘படு’வுக்கு ஈடாக ஆங்கிலத்திலும் எதையாவது ஒட்டப் பார்க்கிறது. இலக்கணம் நன்றாகப் படித்தவர்களிடம்தான் இந்தப் பிழை கூட வருகிறது. செயப்பாட்டு வினை என்று தெரிந்தவர்தானே ‘டி’ போடுவார்.

‘யூ ஆர் வெல்கம்’ என்ற வசனத்தில் ‘வெல்கம்’ வினைச்சொல்லாக நிற்கவில்லை. பெயரடையாக நிற்கிறது, ‘ரெடி’, ‘ஹப்பி’ மாதிரி. ‘ஓல் ஆர் வெல்கம்’, ‘பேரன்ட்ஸ் ஆர் வெல்கம்’, ‘யூ ஆர் ஓல்வேஸ் வெல்கம் அட் அவர் ஹவுஸ்’ எல்லாமே இந்த வகை. நீங்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம் என்ற நிலையைச் சொல்கின்றன. அங்கே எந்தச் செயலும் நடக்கவில்லை.

‘டி’ வரும் இடமும் உண்டு. நடந்து முடிந்த வரவேற்பைச் செய்தியாக எழுதும்போது அது கட்டாயம் வேண்டும். விழாவுக்கு மறுநாள் பத்திரிகைக்கு அனுப்பும் குறிப்பில் ‘த சீஃப் கெஸ்ட் வோஸ் வெல்கம்ட் அட் த கேட் பை த ஸ்கூல் பேண்ட்’ என்று எழுதுவது சரி. யார் வரவேற்றார்கள், எங்கே வரவேற்றார்கள் என்று சொல்ல முடிகிற இடம் அது. ஆக ஒரே விழாவுக்கு முதல் நாள் பெனரில் ‘டி’ இல்லை, மறுநாள் செய்தியில் ‘டி’ உண்டு.

ஒரு கிளைக் கேள்வி: ‘கம்’முக்கு இறந்தகாலம் ‘கேம்’, ‘பிகம்’முக்குப் ‘பிகேம்’, அப்படியானால் ‘வெல்கேம்’ உண்டா? இல்லை. ‘வெல்கம்ட்’தான். ‘வெல்கேம்’ என்று எழுதிய பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு விதியைக் கண்டுபிடித்து அதைப் பொருத்திப் பார்த்த பிள்ளை அது.

‘வெல்கம்’முக்குப் பிறகு ‘டு’வா, ‘இன்’னா, ‘அட்’டா?

ஊர், கட்டடம், விழா எது வந்தாலும் ‘டு’. வெல்கம் டு பட்டிக்கலோ. வெல்கம் டு பாசிக்குடா பீச். வெல்கம் டு அவர் அனுவல் ஸ்போர்ட்ஸ் மீட்.

ஜேர்மன்காரர் தங்கள் மொழியில் ‘இன்’ போட்டுத்தான் ஊர் பெயர் சொல்லி வரவேற்பார்கள். அந்தப் பழக்கத்தில் சிலர் ஆங்கிலத்திலும் ‘வெல்கம் இன்’ என்பார்கள். பொத்துவில் பக்கம் விடுதி நடத்தும் தம்பி ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பலகையை மாற்றப் போனார். வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஆங்கிலத்தில் பிறந்தவர்கள் இல்லையே!

‘டு’ வராத இடங்கள் சில உண்டு. ‘வெல்கம் ஹோம்’, ‘வெல்கம் பேக்’, ‘வெல்கம் அபோர்ட்’. மத்திய கிழக்கிலிருந்து வரும் மகனுக்கு வாசலில் கட்டுவது ‘வெல்கம் ஹோம்’. திரும்பி வந்த இடத்தைச் சொல்வதானால் ‘டு’ மறுபடி வரும்: ‘வெல்கம் பேக் டு ஸ்கூல்’.

பிரதம அதிதிக்கு அடிக்கும் பெனரில் ‘வெல்கம் அவர் சீஃப் கெஸ்ட்’ என்று போடலாமா?

வேண்டாம். ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கில ‘அவர்’ என்ற சொல்லுடன் எழுதும்போது அது ‘எங்கள் பிரதம அதிதியை வரவேற்றுவிடு’ என்று வழியால் போகிறவருக்கு இட்ட கட்டளையாக வாசிக்கப்படும். அதிதியை விட்டுவிட்டு ஊரோடு பேசுகிறது பெனர்.

இரண்டு வழி இருக்கிறது. ‘எ வோர்ம் வெல்கம் டு அவர் சீஃப் கெஸ்ட்’ என்று போட்டு, அடுத்த வரியில் பெயரும் அதற்குக் கீழே பதவியும். இதுதான் பெனருக்குத் தோது. அல்லது ‘வி வோர்ம்லி வெல்கம் அவர் சீஃப் கெஸ்ட்’ என்று முழு வசனம். முதலாவதில் ‘வெல்கம்’ பெயர்ச்சொல், ஆகவே அதற்கு முன் ‘எ’யும் பின் ‘டு’வும் வரவேண்டும். இரண்டாவதில் வினை, ஆகவே ‘டு’ வராது. இரண்டையும் கலந்து ‘வி வோர்ம்லி வெல்கம் டு அவர் சீஃப் கெஸ்ட்’ என்று அடித்தால் இரண்டும் கெடும். வேலைக்கு வரும் காகிதங்களில் இந்தக் கலவையைத்தான் அதிகம் காண்கிறேன்.

நேரே பெயர் சொல்லி அழைப்பதானால் காற்புள்ளி போடுங்கள். ‘வெல்கம்’, பிறகு காற்புள்ளி, பிறகு பெயர். பெரிய எழுத்தில் அடிக்கும்போது வரி மாறினால் காற்புள்ளி இல்லாவிட்டாலும் ஒருவரும் குறை பிடிக்க மாட்டார்கள்.

பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களில்தான் உண்மையான மானப் பிரச்சினை இருக்கிறது. ‘மிஸ்டர்’, ‘டொக்டர்’ இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது, டொக்டர் மட்டும் போதும். சுருக்கி எழுதும்போது பிரித்தானிய வழக்கில் புள்ளி வைப்பதில்லை, அமெரிக்க வழக்கில் வைப்பார்கள். எதையும் எடுக்கலாம், ஆனால் ஒரே பெனரில் ஒருவருக்குப் புள்ளி, மற்றவருக்கு இல்லை என்று வரக்கூடாது. எங்கள் மாவட்டத்து மேடைகளில் நாலு சமயத்தவரும் இருப்பார்கள். பிக்குவுக்கு ‘வெனரபிள்’, அருட்தந்தைக்கும் போதகருக்கும் ‘ரெவரன்ட்’. மௌலவியையும் சிவஸ்ரீயையும் அப்படியே ஆங்கில எழுத்தில் போடுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம். குருக்களை ‘பிரீஸ்ட்’ என்று போட்டு வந்த ஓர் அழைப்பிதழை அவருடைய மகனே திருப்பிக் கொண்டுவந்த சம்பவம் உண்டு.

‘வெல்கம் யூ’வா, ‘வெல்கம்ஸ் யூ’வா?

ஒரு பெயர் மட்டும் என்றால் ‘எஸ்’ வரும்: பட்டிக்கலோ வெல்கம்ஸ் யூ. பலர் சேர்ந்தால் வராது: த பிரின்சிப்பல், ஸ்டாஃப் அன்ட் ஸ்டூடன்ட்ஸ் வெல்கம் யூ. ‘வி’க்குப் பின் எப்போதும் வராது.

வரவேற்புரையை எப்படித் தொடங்குவது? ‘ஐ ஆம் வெல்கமிங் யூ’ சரியா?

‘ஐ வெல்கம் யூ’ என்பதுதான் சரி. ‘வரவேற்கிறேன்’ என்று சொன்ன கணத்திலேயே வரவேற்பு நடந்து முடிகிறது. வாக்குக் கொடுப்பது, நன்றி சொல்வது, திறந்து வைப்பதாக அறிவிப்பது போன்றவற்றுக்கும் இதே கதை. இப்படிச் சொல்லும்போதே நடந்துவிடுகிற காரியங்களுக்கு ஆங்கிலம் சாதாரண நிகழ்காலத்தை எடுக்கும். ‘ஐ ஆம் வெல்கமிங்’ என்றால், வாசலில் நின்று இன்னும் மாலை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது போல இருக்கும்.

கொஞ்சம் நீட்டிச் சொல்ல விரும்பினால் இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். ‘இட் கிவ்ஸ் மீ கிரேட் பிளெஷர் டு வெல்கம்’, ‘ஐ டேக் கிரேட் பிளெஷர் இன் வெல்கமிங்’, ‘இட் இஸ் மை பிளெஷர் டு வெல்கம்’. நடுவிலுள்ளதில் ‘இன்’ வருவதால் அதன்பின் ‘இங்’ வரும். மற்ற இரண்டிலும் ‘டு’, பிறகு வெறும் ‘வெல்கம்’. நிர்வாகத்தின் சார்பில் பேசினால் ‘ஒன் பிஹாஃப் ஒஃப்’.

வினைச்சொல்லை வர்ணிக்கும் அடுக்குகளைக் குறையுங்கள். தரம் பத்துப் பிள்ளை ஒருவர் கொண்டுவந்த உரையில் ஒரே வசனத்தில் ‘ஹார்ட்டிலி’, ‘கோர்டியலி’, ‘வோர்ம்லி’, ‘கிரேஷஸ்லி’ நாலும் இருந்தன. எழுதிக் கொடுத்தது ஓர் ஆசிரியர். ‘வோர்ம்லி’யை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டினேன். உரை சின்னதாகிவிட்டது என்று பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. அதிதி யார் என்று விசாரித்தால், அதே பாடசாலையின் பழைய மாணவி, மண்டூர்ப் பக்கத்தவர். தினமும் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, குருமண்வெளித் துறையில் இறங்கிப் படிக்க வந்தவர். அதை எழுதினோம்:

‘ஷீ யூஸ்ட் டு க்ரொஸ் த லகூன் பை ஃபெரி எவ்ரி மோர்னிங் டு கம் டு திஸ் ஸ்கூல். டுடே ஷீ கம்ஸ் பேக் அஸ் அவர் சீஃப் கெஸ்ட். மேடம், வெல்கம் பேக்.’

வெளியூர்க்காரர் ‘பாதை’ என்றால் தெரு என்று நினைத்துக்கொள்வார்கள், ஆங்கிலத்திலும் நேரே ‘ரோட்’ என்று போட்டுவிடக்கூடாது. எங்கள் வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்குப் பெயர் அது. ஆகவே ‘ஃபெரி’. அந்த மூன்று வசனங்களிலும் ஒரு வினையுரிச்சொல்கூட அலங்காரத்துக்கு இல்லை. விழாவில் அந்த அம்மா எழும்பி நின்று கைகூப்பினார் என்று பிள்ளை பிறகு சொன்னது.

‘ரெஸ்பெக்டட் பிரின்சிப்பல்’, ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்று தொடங்குவது எங்கள் நாடுகளின் வழக்கம். பிழையென்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுக்கடுக்காகப் பத்துப் பேரை அப்படி விளிக்கத் தொடங்கினால் சபை போனை எடுத்துவிடும். முக்கியமானவர்களைப் பதவி ஒழுங்குப்படி ஒருமுறை சொல்லி, ‘டிஸ்டிங்விஷ்ட் கெஸ்ட்ஸ், பேரன்ட்ஸ் அன்ட் ஸ்டூடன்ட்ஸ்’ என்று முடியுங்கள்.

இரவு ஏழு மணி நிகழ்ச்சி. ‘குட் நைட் அன்ட் வெல்கம்’ என்று தொடங்கலாமா?

கூடாது. ‘குட் நைட்’ விடைபெறும்போது சொல்வது. எவ்வளவு இருட்டினாலும் வரவேற்கும்போது ‘குட் ஈவ்னிங்’.

யாராவது ‘தாங்க் யூ’ என்றால் எழுத்தில் எப்படிப் பதில் போடுவது?

‘யூ ஆர் வெல்கம்’. சுருக்கி எழுதினால் வை, ஓ, யூ, மேலே ஒரு சிறு கொம்பு, பிறகு ஆர், ஈ. கொம்பு விட்டுப்போன ‘ஏ’யின் இடத்தைக் காட்டுகிறது. வை, ஓ, யூ, ஆர் என்று நாலு எழுத்தில் எழுதினால் ‘உங்களுடைய’ என்று ஆகிவிடும். ‘உங்களுடைய வரவேற்பு’ என்று அந்தரத்தில் நிற்கும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே இந்தப் பிழையை நிறைய விடுகிறார்கள், ஆகவே வட்ஸ்அப்பில் யாராவது விட்டால் விட்டுவிடுங்கள். அலுவலகக் கடிதத்தில் விடாதீர்கள். சந்தேகமென்றால் சுருக்காமல் ‘யூ ஆர்’ என்று இரண்டு சொல்லாகவே எழுதலாம், அப்போது பிழைக்கு இடமே இல்லை.

வெறும் ‘வெல்கம்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவது எங்களுக்குப் பழகிவிட்டது. வெளிநாட்டு ஆளுக்கு அது வாசலில் நின்று ‘வாங்கோ’ என்று கூப்பிடுவது போலத்தான் விளங்கும். ‘மென்ஷன் நொட்’ என்று ஒன்று இருக்கிறது, இதை எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். இலங்கை, இந்தியா தாண்டினால் அதை அறிந்தவர் குறைவு. சரியான வடிவம் ‘டோன்ட் மென்ஷன் இட்’. அலுவலக மின்னஞ்சலில் ‘கிளாட் டு ஹெல்ப்’ என்பது இன்னும் இயல்பாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நன்றி வருமுன் ‘யூ ஆர் வெல்கம்’ என்று எழுதிவிட்டால் ‘நன்றி சொல்ல மறந்துவிட்டாயே’ என்று குத்திக்காட்டுவதாகத் தெரியும். வந்த வேலையை முடித்து அனுப்பும்போது, பணிவு என்று நினைத்துச் சிலர் இப்படி எழுதுகிறார்கள்.

எங்களை யாராவது ‘வெல்கம்’ என்று வரவேற்றால்?

‘தாங்க் யூ’. எழுத்தில் என்றால் ‘தாங்க் யூ ஃபோ த வோர்ம் வெல்கம்’. ‘சேம் டு யூ’ பொருந்தாது. அது பண்டிகை வாழ்த்துக்குச் சொல்வது.

விடுதி நடத்துகிறேன். பதிவு செய்தவர்களுக்கு என்ன எழுதலாம்?

பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சின்ன விடுதிக்காரர் எல்லாருக்கும் இதே சந்தேகம். பெரிய ஹோட்டல்களைப் பார்த்து எழுதப் போய் நீட்டி முழக்குகிறார்கள். இது போதும்:

‘டியர் மிஸ் இன்னார், தாங்க் யூ ஃபோ புக்கிங் வித் அஸ். யுவர் ரூம் வில் பி ரெடி ஃப்ரம் டூ பி.எம். இஃப் யுவர் பஸ் இஸ் லேட், பிளீஸ் கோல், அன்ட் வி வில் வெயிட் அப் ஃபோ யூ. வி லுக் ஃபோவர்ட் டு வெல்கமிங் யூ.’

கடைசி வசனத்தைத்தான் பாருங்கள். ‘லுக் ஃபோவர்ட் டு’ என்ற தொடரிலுள்ள ‘டு’வுக்குப் பின் ‘இங்’ வரவேண்டும். ‘லுக் ஃபோவர்ட் டு வெல்கம் யூ’ என்பது பிழை. வினையைப் போடாமல் பெயர்ச்சொல் போட்டுப் பாருங்கள், ‘லுக் ஃபோவர்ட் டு யுவர் விசிட்’ என்று பொருந்துகிறது. பெயர்ச்சொல் நிற்கிற அந்த இடத்தில் வினை வந்தால், பெயர் போல ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வரும்.

பஸ் தாமதமானால் என்ற வசனம் என் யோசனை. கொழும்பிலிருந்து அறுகம்பைக்கு வருகிறவர் எந்த நேரத்தில் வந்து இறங்குவார் என்று சொல்ல முடியாது. விழித்திருப்போம் என்ற வரி, ‘வோர்ம் ஹொஸ்பிட்டாலிட்டி’ என்று பத்து முறை எழுதுவதைவிட அவருக்குத் தேவையானது.

வந்தவுடன் கொடுக்கும் செவ்விளநீரை ‘வெல்கம் ட்ரிங்க்’ என்று விலைப்பட்டியலில் போடலாம். இலவசம் என்பதற்குக் ‘கொம்ப்ளிமென்டரி’ எழுதும்போது ‘எல்’லுக்கு அடுத்த எழுத்து ‘ஐ’. அந்த இடத்தில் ‘ஈ’ வந்தால் ஒன்றையொன்று நிறைவுசெய்வது என்ற வேறு சொல்.

அறைக்குள் ஒட்டும் குறிப்புகளில் ‘யூ ஆர் வெல்கம் டு யூஸ் த கிச்சன்’ என்று எழுதினால் சமையலறையைத் தாராளமாகப் பாவிக்கலாம் என்ற அனுமதி. நல்ல வசனம், நிறையப் பாவியுங்கள். ஆனால் மறுத்து எழுதும்போது இந்தச் சொல் முகத்தில் அடிக்கும். ‘விசிட்டர்ஸ் ஆர் நொட் வெல்கம் ஆஃப்டர் டென்’ என்றால், வந்துவிடாதே என்று விரட்டுவது போல. ‘பிளீஸ், நோ விசிட்டர்ஸ் ஆஃப்டர் டென் பி.எம்.’ என்று எழுதினால் விதி அதேதான், கோபம் மட்டும் இல்லை. கோயில் வாசலுக்கும் இதையே சொல்வேன். மாமாங்கத்துக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். ‘விசிட்டர்ஸ் ஆர் வெல்கம். பிளீஸ் ரிமூவ் யுவர் ஷூஸ் அன்ட் ஹேட்ஸ்’ என்று அனுமதியை முதலில் போட்டு நிபந்தனையைப் பிறகு போடுங்கள்.

பிள்ளை கட்டுரையில் ‘பட்டிக்கலோ பீப்பிள் ஆர் வெரி வெல்கம்’ என்று எழுதியிருக்கிறது. பிழையா?

பிழை. வருகிறவர் ‘வெல்கம்’, வரவேற்கிறவர் ‘வெல்கமிங்’. மட்டக்களப்பு மக்கள் விருந்தோம்பும் மக்கள் என்று சொல்ல ‘ஆர் வெரி வெல்கமிங்’. பிள்ளை எழுதியபடி வாசித்தால், மட்டக்களப்பார் எங்கேயோ விருந்துக்குப் போகிறார்கள், அங்கே அவர்களை ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்று வரும். சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரைகளுக்கு இந்தச் சொற்சோடி பயன்படும், படித்து வையுங்கள்.

மும்மொழிப் பலகை வைக்கிறோம். ‘வருக வருக’ என்பதை ‘வெல்கம் வெல்கம்’ என்று போடலாமா?

ஒருமுறை போதும். எங்களுக்கு இரட்டித்தால்தான் மனம் நிறையும், ஆங்கிலத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகி, ஆங்கிலம் இணைப்பு மொழியாக நிற்கிறது. ஆகவே பலகைகளில் மூன்றும் வருகின்றன. மூன்றும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொன்றும் தன் மொழியில் இயல்பாக இருந்தால் சரி. ‘மீன்பாடும் தேனாடு உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்ற வரியைச் சொல் சொல்லாகப் பெயர்த்தால் மீனும் தேனும் ஆங்கிலத்தில் ஒரே சட்டிக்குள் விழுந்து வேகும். தேனைத் தமிழுக்கே விட்டுவிட்டு ‘வெல்கம் டு பட்டிக்கலோ, லேண்ட் ஒஃப் த சிங்கிங் ஃபிஷ்’ என்று எழுதுங்கள். கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் மீன்பாட்டைத் தேடி வருகிற பயணிக்கு ‘சிங்கிங் ஃபிஷ்’ என்ற பெயர் ஏற்கனவே தெரியும். ‘ஃபிஷ்’ஷுக்குப் பன்மையும் அதேதான், ‘ஃபிஷஸ்’ வேண்டாம்.

அழைப்பிதழில் ‘கோர்டியலி இன்வைட் யூ ஃபோ த வெடிங்’ சரியா? ‘ஆர்.எஸ்.வி.பி.’ என்றால் என்ன?

‘இன்வைட் யூ டு த வெடிங்’. ‘ஃபோ’ வேண்டாம். ‘கோர்டியலி’ அழைப்பிதழுக்கு ஏற்ற சொல், அங்கே அது இருக்கட்டும். ‘சொலிசிட்டட்’ என்று பழைய அழைப்பிதழ்களில் வரும் சொல்லை இப்போது விட்டுவிடலாம்.

‘ஆர்.எஸ்.வி.பி.’ பிரெஞ்சுச் சுருக்கம்: தயவுசெய்து பதில் தாருங்கள் என்று அர்த்தம். ‘பிளீஸ்’ அதற்குள்ளேயே இருப்பதால் முன்னால் இன்னொரு ‘பிளீஸ்’ தேவையில்லை. ஒன்று சொல்கிறேன், எங்கள் ஊரில் அதைப் போட்டுப் பதில் வந்த கல்யாணத்தை நான் இன்னும் காணவில்லை. பந்திக்கு ஆள் எண்ண வேண்டுமென்றால் போன் எடுங்கள்.

ஒரு தீர்மானத்தை வரவேற்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். அதற்கும் ‘வெல்கம்’தானா?

ஆம். ‘வி வெல்கம் த டிசிஷன் டு ரிப்பெயார் த ரோட்’. ‘டு’வோ ‘ஃபோ’வோ நடுவில் வராது. ஆலோசனை கேட்பதானால் ‘வி வெல்கம் யுவர் சஜெஷன்ஸ்’ அல்லது ‘சஜெஷன்ஸ் ஆர் வெல்கம்’. பெயருக்கு முன்னாலும் நிற்கும்: படுவான்கரை வயலுக்குத் தக்க நேரத்தில் பெய்த மழை ‘எ வெல்கம் ரெயின்’ இல்லை, ‘வெல்கம் ரெயின்’. மழையை எண்ண முடியாததால் ‘எ’ வராது.

ஆச்சரியக்குறி எத்தனை போடலாம்? எந்த எழுத்துரு நல்லது?

ஒன்று, அல்லது ஒன்றுமில்லை. மாதங்கோயிலின் பெருநாள் பெனருக்கு ஒன்று அழகு. இரங்கல் கூட்டத்துக்கு வருபவர்களை வரவேற்கும் பலகையில் அறவே வேண்டாம், இதைச் சொல்லவேண்டி வந்ததால்தான் எழுதுகிறேன். கொடி கொடியாக வளையும் கையெழுத்து எழுத்துருவில் முழுவதும் பெரிய எழுத்தாக அடித்தால் ஒருவராலும் வாசிக்க முடியாது. அந்த எழுத்துருவில் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

பெனர் அடித்து வந்துவிட்டது. இப்போதுதான் பிழை தெரிகிறது. நாளைக் காலை விழா. என்ன செய்வது?

எந்த இடத்தில் பிழை என்று பாருங்கள். ‘வெல்கம்ட்’ என்று வந்திருந்தால் கடைசி ‘டி’யை மட்டும் பின்னணி நிறத்திலேயே ஸ்டிக்கர் வெட்டி மூடலாம். அதற்கு முன்னுள்ள ‘ஈ’ சொல்லுக்குச் சொந்தம், அதைத் தொடாதீர்கள். அவசரத்தில் இரண்டையும் மூடி ‘வெல்கம்’ ஈயில்லாமல் தொங்கிய பெனரும் இந்த ஊரில் நின்றிருக்கிறது. இரண்டு ‘எல்’ என்றால் நடுவில் மூட முடியாது, இடைவெளி பல்லிளிக்கும். அந்த வரி முழுவதையும் புதிதாக அடித்து மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு அதிகம் செலவாகாது.

அதிதியின் பெயரிலோ பதவியிலோ பிழை என்றால் ஒட்டுப்போட வேண்டாம், முழுப் பெனரையும் மறுபடி அடியுங்கள். படம் எடுக்கும்போது அந்த ஒட்டுத்தான் முதலில் பளபளக்கும். மறுபடி அடிக்கக் கொடுக்குமுன், பெயரை அவருடைய அலுவலகத்துக்கே போன் போட்டு, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.